ஓடும் இரும்பு – 9: எஃப்.சி. வாங்கிய வண்டி

எஃப்.சி.க்குப் போகவிருக்கும் வேனை முதல் நாளே தெருவில் அடையாளம் கண்டுகொள்ளலாம். பம்பரில் அடித்த கறுப்புப் பெயிண்ட் இன்னும் காய்ந்திருக்காது. முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒளிரும் பட்டைகள் புதிதாக மின்னும். வைப்பர் பிளேடின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தீயணைப்பான் ஒன்று நிற்கும். அது யாருடையது என்று கேட்கக் கூடாது. சமயத்தில் டயர்களும் அப்படித்தான். ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து மாட்டி, காட்டிவிட்டு, மாலையில் கழற்றித் திருப்பிக் கொடுப்பது ஊரறிந்த வழக்கம். டயர் அடுத்த வேனுக்குப் போய்விடும். சான்றிதழ் மட்டும் ஓராண்டுக்கு இந்த வேனோடு இருக்கும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆவது பிரிவு இந்தச் சான்றிதழுக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கிறது. செல்லத்தக்க எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வாகனம், முறைப்படி பதிவு செய்யப்பட்ட வாகனமாகவே கருதப்படாது. ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பதிவில்லாத வண்டி. புது வேனுக்கு முதலில் இரண்டு ஆண்டு கிடைக்கும். 2018இல் விதியைத் திருத்திய பிறகு, எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை, அதற்குமேல் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். வயதானால் அடிக்கடி டாக்டரிடம் போவது நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் இதெல்லாம் மஞ்சள் போர்டுக்கு. அதே கம்பெனி, அதே மாடல் வண்டியை வெள்ளை போர்டில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தால் 15 ஆண்டுகள் யாரும் அடியில் குனிந்து பார்க்க மாட்டார்கள். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை. பள்ளிக்கூட வாசலில் காலையில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வந்து நிற்கும் வெள்ளை போர்டு ஆம்னிகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

டிரைவரைத் தவிர ஆறு பேருக்கு மேல், பன்னிரண்டு பேர் வரை ஏற்றும் வண்டியைச் சட்டம் ‘மேக்ஸி கேப்’ என்கிறது. நம் ஊரில் அது வெறும் ‘வேன்’. எழுபது, எண்பதுகளில் வேன் என்றால் மெட்டடார். அதைச் செய்த பஜாஜ் டெம்போ நிறுவனம், ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் வண்டியை அடிப்படையாக வைத்து 1987இல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் டெம்போ டிராவலரை இறக்கியது. 2005இல் நிறுவனம் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது; மக்கள் மாற்றிக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கும், குலதெய்வம் கோவிலுக்கும், ஊட்டிக்கும் இன்றும் டெம்போ டிராவலர்தான் பேசுகிறோம். பன்னிரண்டு, பதினைந்து வயது ஆன டிராவலர்கள் சிற்றூர் ஸ்டாண்டுகளில் ஏராளம். இந்த வாரக் கதை அவற்றைப் பற்றியது.

பழைய வேன் விற்பவர் முதலில் சொல்லும் வாசகம் எங்கும் ஒன்றுதான்: “எஞ்சின் அருமையா இருக்குண்ணே.” பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். மெர்சிடிஸ் வம்சத்து டீசல் எஞ்சின்கள் சாவதற்கு அடம்பிடிப்பவை. அது போக, எஞ்சினுக்கு உரிமையாளர் செலவழிக்கவும் செய்வார். எஞ்சின் நின்றால் வாடகை நிற்கும். பிரேக் லைனிங் தேய்ந்தாலோ தரைத்தகடு துருப்பிடித்தாலோ அடுத்த வாடகை நிற்காது. எஃப்.சி.யோ எஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை; புகை அளவுக்குள் இருந்தால் போதும். உரிமையாளர் பணம் போடும் இடமும் சோதனை கண் வைக்கும் இடமும் வேறு வேறாக இருப்பதால்தான், ஆண்டு முழுவதும் ஒழுங்காக ஓடிய வண்டிக்கு எஃப்.சி. நெருங்கும்போது திடீரென்று அத்தனை வேலை முளைக்கிறது.

வழக்கமாக விழும் இடங்களை எந்தப் பட்டறையில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். முதலிடம் விளக்குகளுக்கு. பல்பு போவது பெரிய சங்கதி இல்லை. பழைய வேனில் நோய் எர்த்தில் இருக்கும். பின் விளக்கின் எர்த் வயர் பிடித்திருக்கும் போல்ட் துருவேறிவிட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் கண்ணடிக்கும். பல்பை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப முடுக்கினால் தீர்ந்தது. ஹெட்லைட்டில் வேறு சிக்கல்: ரிஃப்ளெக்டர் மங்கிவிட்டது என்பதற்காக அதிக வாட் பல்பைப் போட்டிருப்பார்கள். ஒளி எதிரே வருபவர் கண்ணில் போய் விழும்.

அடுத்தது ஸ்டியரிங். பிடிச் சக்கரத்தைக் கொஞ்சம் அசைத்தால் முன் டயரும் உடனே அசைய வேண்டும். அசையாமல் கை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் ‘பிளே’ இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார்கள். ஆடினால் கிங்பின் புஷ் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராட் எண்ட். கிரீஸ் துப்பாக்கியைக் கிங்பின் பக்கம் காட்டாத வண்டிகளில் புஷ் தேய்வது நிச்சயம். அதற்குப் பிறகு ஹேண்ட் பிரேக். வண்டியை எப்போதும் கியரில் போட்டு நிறுத்திப் பழகியவர்களின் வேனில் ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருவேறி இறுகிப்போயிருக்கும். எஃப்.சி. அன்று இழுத்தால் ஒன்று வராது, அல்லது வந்தால் போகாது.

டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஆழத்தைப் பார்க்கிறார்கள்; வயதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். சீசனுக்கு மட்டும் ஓடும் வேனில் பள்ளம் புதிது போலவே இருக்கும், ரப்பரோ வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். புகையைப் பற்றிச் சென்ற வாரமே விரிவாகப் பேசிவிட்டோம். நாசிலும் டீசல் பம்ப்பும் ஏர் ஃபில்டரும் சரியாக இருந்தால் பழைய எஞ்சினும் தேறிவிடும்.

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணுக்குப் படுகிற, எஃப்.சி.யில் விழுகிற குறைகள். எனக்கு அவற்றைவிடக் கவலை தருபவை எஃப்.சி.யில் தேறிவிடுகிற குறைகள்.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வாகன ஆய்வாளரை ஊர்மக்கள் இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே அழைக்கிறார்கள். மைதானத்தில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, சட்டென்று பிரேக் அடிக்கச் சொல்லி, தரையில் விழும் தடங்களைப் பார்ப்பது பழைய முறை. இரண்டு பக்கமும் தடம் ஒரே மாதிரி விழுந்தால் பிரேக் சமமாகப் பிடிக்கிறது. ஒரு பக்கம் நீண்டு மறு பக்கம் குறுகினால் எங்கோ வீல் சிலிண்டர் கசிகிறது, அல்லது லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கிறது. அனுபவமுள்ள கண்ணுக்கு இது நல்ல சோதனைதான். ஆனால் அந்த வேன் காலியாக இருக்கிறது, குளிர்ந்திருக்கிறது, இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வாடகைக்குப் போகும் வேனோ பன்னிரண்டு பேர், டிரைவர், மூட்டை முடிச்சு என்று ஏறக்குறைய ஒரு டன்னைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு அறுபதில் போகிறது. வேகம் மூன்று மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்பது மடங்கு. எடை கூடுவது தனி.

மலைப்பாதையில் கணக்கு இன்னும் மோசம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. மூன்று டன் எடையுள்ள வேன் ஒன்று ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அது வெளியேற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கீழ் கியரில் இறங்கினால் அதில் நல்ல பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு இறங்கும் டிரைவருக்கு மொத்தச் சூடும் நான்கு சக்கரங்களில் போய்ச் சேரும்.

அந்தச் சூட்டில் என்ன நடக்கிறது? பட்டறையில் ‘பிரேக் ஆயில்’ என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மையுள்ள கிளைக்கால் திரவம். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி தாங்கினால் போதும் என்று அதே தரம் ஒப்புக்கொள்கிறது. இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். பழைய வேன்களில் மாற்றுவதில்லை. குறைந்தால் மேலே ஊற்றுவதோடு சரி. இறக்கத்தில் டிரம் சூடேறி, திரவம் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகிவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி கீழே போய்விடும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். காலின் அழுத்தம் எல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். விபரீதம் என்னவென்றால், வண்டி ஆறிய பிறகு ஆவி மறுபடி திரவமாகிவிடும். பள்ளத்திலிருந்து தூக்கிய வேனின் பெடலை மறுநாள் மிதித்துப் பார்த்தால் கல் மாதிரி நிற்கக்கூடும். டிரைவர் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்தக் குறையை எந்த எஃப்.சி. மைதானத்திலும் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலி வண்டியைச் சமதரையில் சோதிக்கும் முறைக்குள் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை.

இன்னொன்று துரு. 2012 ஜூலை 25ஆம் தேதி சென்னை தாம்பரத்துக்கு அருகே முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். தமிழ்நாடே பதறியது. அந்தப் பேருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. தரப்பட்டிருந்தது என்ற செய்தி பதற்றத்தைக் கோபமாக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகளை அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது. பள்ளி திறக்கும் முன் மே மாதத்தில் மாவட்டந்தோறும் வருவாய், காவல், போக்குவரத்து, கல்வித் துறை அதிகாரிகள் மைதானத்தில் கூடி வாகனங்களைப் பார்ப்பதும், அவசர வழிக் கதவைத் திறந்து பார்க்கும் படம் பத்திரிகையில் வருவதும் அந்த விதிகளின் தொடர்ச்சி. பள்ளிப் பேருந்துகளின் தரையைப் பார்க்கும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. கல்யாண வேனின் தரையை அந்த அக்கறையோடு யாரும் பார்ப்பதில்லை.

வேனின் தரை எப்படி அரிக்கிறது என்று தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பதும் தெரியும். தகட்டின் மேல் பிளைவுட், அதன் மேல் ரப்பர் மேட். வாரம் ஒரு முறை ஹோஸ் பைப்பை உள்ளே விட்டுக் கழுவுவார்கள். மேட்டுக்கு மேலே காய்ந்துவிடும். பிளைவுட்டுக்கு அடியில் ஈரம் நாள் கணக்கில் தங்கும். கீழேயிருந்து சக்கரம் வாரியடிக்கும் சேறு வேறு. ஆகவே துரு முதலில் வருவது படிக்கட்டுப் பலகைக்கு அடியிலும், பின் சக்கர வளைவு தரையோடு சேரும் விளிம்பிலும், கதவின் கீழ் ஓரத்திலும். கடலோர ஊர் வண்டியானாலும், வெள்ளத்தில் நின்ற வண்டியானாலும் வேகம் அதிகம். டிங்கர் இரண்டு வகை உண்டு. நல்லவர் அரித்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகட்டைச் சுற்றிலும் விடாமல் வெல்டு அடிப்பார். மற்றவர் ஓட்டையின் மேல் தகரத்தை வைத்து நாலு மூலையில் புள்ளி வைத்து, பட்டி பூசி, கறுப்பு அண்டர்கோட் அடித்துவிடுவார். குனிந்து பார்க்கும் ஆய்வாளர் கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு. மேலேயிருந்து பார்த்தால் புது பிளைவுட் பளபளக்கும்.

பிரிட்டனில் இதற்கு ஒரு தெளிவான அளவுகோல் வைத்திருக்கிறார்கள். எம்.ஓ.டி. என்ற அவர்களுடைய சோதனை 1960இல் பத்து வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும் என்று தொடங்கி, 1967க்குள் மூன்று வயதுக்கு இறங்கியது. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் இவை உடலோடு பிணையும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் பலவீனமாக்கும் துரு இருந்தால் வண்டி விழுந்தது. அழகுக்குக் கெடுதலான துருவையும் ஆபத்தான துருவையும் இப்படிப் பிரித்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அதைவிடப் பொறாமைப்படத்தக்க விஷயம், எந்த வண்டியின் எண்ணைத் தட்டினாலும் அது எந்த ஆண்டு எதற்காக விழுந்தது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்பது பொதுமக்கள் யாருக்கும் இணையத்தில் தெரியும். நம் ஊரில் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் எஃப்.சி. எந்தத் தேதி வரை என்று வரும். போன முறை முதலில் விழுந்ததா, ஸ்டியரிங்கிலா பிரேக்கிலா, என்ன மாற்றிய பிறகு தேறியது என்பது வராது. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

மாற்றம் வராமல் இல்லை. 2021இல் மத்திய அரசு தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு விதி வகுத்தது. கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் என்று முதலில் குறித்த நாள் தள்ளிப்போய் 2024 அக்டோபரில் வந்து நின்றது. எல்லா மாவட்டத்திலும் நிலையம் வந்தபாடில்லை என்பதால் பல இடங்களில் மைதானமே தொடர்கிறது. சோதனையைத் தனியாரிடம் கொடுப்பதா என்று சங்கங்கள் எதிர்க்கின்றன. கட்டணம் பற்றிய பயமும் அதில் கலந்திருக்கிறது. என் கணிப்பில் இயந்திரம் நல்லதே. உருளைகளின் மேல் சக்கரத்தை நிறுத்திப் பிரேக் மிதித்தால் இடது எவ்வளவு பிடிக்கிறது, வலது எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியே எண் வந்துவிடும். அந்த எண்ணோடு பேரம் பேசுவது கடினம். சக்கரம் பக்கவாட்டில் வழுக்குவதையும், ஹெட்லைட்டின் குறியையும், மூட்டுகளின் ஆட்டத்தையும் அது அளக்கிறது. பழைய வேன்களை அது இரக்கமில்லாமல் தள்ளும். ஆனாலும் வாடகை டயருக்கும் அது அதே எண்ணைத்தான் காட்டும். பிளைவுட்டை அதால் தூக்கிப் பார்க்க முடியாது. பிரேக் ஆயிலின் வயதைக் கேட்கவும் அதற்குத் தெரியாது.

பழைய வேன் வாங்கப் போகிறவர்களுக்கும், குடும்பத்தோடு மலைக்கு வாடகை பேசப் போகிறவர்களுக்கும் பத்து நிமிட வேலை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் கெட்டியாகிவிடும். காலை எடுக்காமல் அழுத்தியபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பெடல் லேசாக உள்ளே இறங்கினால் பூஸ்டரும் வேக்கம் பம்ப்பும் உயிரோடு இருக்கின்றன. இறங்காமல் கல்லாக நின்றால் அந்த வேனை நிறுத்த உங்கள் டிரைவருக்கு இரண்டு கால் வேண்டும். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் ஒரே அழுத்தத்தில் வைத்திருங்கள். மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் எங்கோ கசிகிறது. வெளியே சொட்டு தெரியவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே கசியலாம். பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். தேன் நிறத்தைத் தாண்டிக் கறுத்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். செலவு சில நூறு ரூபாயும் ஒரு மணி நேரமும். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு விரிந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். கடைசியாக மேட்டின் ஒரு மூலையைத் தூக்கி, படிக்கட்டின் அடியில் திருப்புளியால் கொஞ்சம் குத்திப் பாருங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று சொல்லும்.

உரிமையாளர் முகம் சுளிப்பார். “எஃப்.சி. போன மாசம்தாண்ணே காட்டினோம், இன்னும் பதினோரு மாசம் இருக்கு” என்பார். பொய் சொல்லவில்லை. வண்டியின் விலையிலும் அந்தப் பதினோரு மாதத்துக்குத் தனியாக ஒரு தொகை சேர்ந்திருக்கும். “சந்தோஷம்ணே, மேட்டைக் கொஞ்சம் தூக்குங்க” என்று கேட்டுவிடுங்கள்.

(அடுத்த வாரம்: மீட்டர் பின்னோக்கி ஓடிய கதை – பழைய வண்டிச் சந்தையில் கிலோமீட்டர் எண்ணை எப்படிப் படிப்பது)